வேளாங்கண்ணிக்கு நடந்த பன்னிரண்டு நாள்

வெள்ளிக்கிழமை காலையில எங்க குந்தாரப்பள்ளி சந்தைக்கு வந்து பார்த்திருக்கீங்களா? விடியறதுக்கு முன்னாடியே ஆடு மாடு ஏத்தின வண்டிங்க வந்து நிற்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் நடக்கும். இந்தக் கதையும் அங்கேதான் ஆரம்பம்.

2025 மா சீசனில் பெங்களூரா மாங்காயை கிலோ நாலைந்து ரூபாய்க்குக் கேட்டார்கள். நீங்கள் கிளிமூக்கு என்பீர்களே, அதுதான். கூழ் ஆலைக்குப் போகிற காய். பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் போனால் கையில் ஒன்றும் நிற்காது. பாதிக் காயை மரத்திலேயே விட்டுவிட்டேன். மருந்தடிக்க வட்டிக்கு வாங்கிய 80,000 ரூபாய் அப்படியே நின்றது. அந்தக் கடன் என் வீட்டுக்காரிக்குத் தெரியாது.

ஜூலை கடைசியில் இரண்டு ஆட்டை விற்கப் போனேன். பல வருஷப் பழக்கமான வியாபாரி அண்ணன் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேளாங்கண்ணிக்கு நடக்கிறோம், வர்றியா தம்பி?" என்றார். எலத்தகிரிப் பக்கத்துக் கிறிஸ்தவர். நான் அதுவரை சர்ச் வாசலை மிதித்ததில்லை. வீட்டிலிருந்து கொஞ்ச நாள் தப்பிக்கலாம் என்றுதான் சரி என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு பூசை முடிந்து கிளம்பினோம். காவி உடை, மாதா சிலை வைத்த சின்னத் தேர், இருபத்திரண்டு பேர். ஓசூர் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்த பையன்கள், பூ விற்கும் அம்மா, கன்னடத்தில் ஜெபமாலை சொல்லும் ஒரு பாட்டி. ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, விழுப்புரம், சிதம்பரம் வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல். காலில் செருப்பில்லை.

ஏர் ஓட்டின கால்தானே என்று நினைத்தேன். தார் ரோடு வேற. மூன்றாம் நாள் சிங்காரப்பேட்டை தாண்டியதும் இரண்டு உள்ளங்காலும் கொப்புளம், உடம்பெல்லாம் காய்ச்சல். புளியமரத்தடியில் உட்கார்ந்து, "பஸ் ஏறிடறேன்ணா" என்றேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலைத் தூக்கி மடியில் வைத்து எண்ணெய் போட்டார். என் அப்பாவுக்கு நான் செய்ததுண்டு. எனக்கு யாரும் செய்ததில்லை. வெட்கத்தில் காலை இழுத்தேன், விடவில்லை. என்னையறியாமல் கடன் விஷயம் முழுக்கக் கொட்டிவிட்டேன்.

அவர் பைபிள் பேசவில்லை. "பணத்துக்கு என்கிட்ட வழி இல்ல தம்பி. ஊருக்குப் போனதும் உன் வீட்டுக்கு வரேன். தங்கச்சிகிட்ட ரெண்டு பேருமா சொல்லுவோம்" என்றார். அன்று என் பையை ஓசூர் பையன் சுமந்தான்.

செங்கம் தாண்டி ராத்திரி நல்ல மழை. ஒரு பிள்ளையார் கோவில் மண்டபத்தில் ஒதுங்கினோம். ஊர்க்காரர் ஒருவர் பாய் கொண்டுவந்து கொடுத்தார். ஈரத்துணியோடு எல்லாரும் ஜெபமாலை சொன்னபோது முதல்முறையாக நானும் சேர்ந்து சொன்னேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது பிடித்திருந்தது.

நடக்கும்போது வேளாங்கண்ணிக் கதைகளைச் சொன்னார்கள். பால் கொண்டுபோன சிறுவன், மோர் விற்ற கால் ஊனமான சிறுவன், புயலில் தவித்த போர்ச்சுகீசிய மாலுமிகள். மூன்று கதையிலும் மாதா வந்தது கோவிலுக்குள் அல்ல. குளக்கரைக்கு, மோர் விற்கக் காத்திருந்தவனிடம், நடுக்கடலுக்கு. பால் கறந்து ஊற்றுகிற எனக்கு அது ரொம்பக் கிட்டத்தில் வந்து உட்கார்ந்தது.

28ஆம் தேதி சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் கொடியேற்றம். அந்தக் கூட்டத்தில் நான் எதையும் கேட்கவில்லை. "வீட்டில் உண்மையைச் சொல்லத் தைரியம் கொடு" என்பதைத் தவிர.

அண்ணன் சொன்னபடி வந்தார். வீட்டுக்காரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "என்கிட்ட சொல்லாம எப்படிய்யா தூங்கின?" என்றாள். ஒரு கறவை மாட்டை விற்றோம். மீதிக் கடனை மாதாமாதம் கட்டுகிறோம்.

"மாறிட்டியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஞானஸ்நானம் இன்னும் வாங்கவில்லை. வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு எரிகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பால் ஊற்றிவிட்டுப் பூசைக்குப் போகிறேன், அண்ணன் பக்கத்தில் உட்காருகிறேன். ராத்திரி தண்ணீர் கட்டப் போகும்போது வாய் தானாக ஜெபம் சொல்கிறது. நம்பிக்கை எந்த இடத்தில் வந்தது என்று கேட்டால், சிங்காரப்பேட்டைப் புளியமரத்தைத்தான் காட்டுவேன்.