வெற்றி முடியும் நிலையாமையும்

வெற்றியும் புகழும் மாந்தரைத் தம் நிலையாமையை மறக்கச் செய்யும் இயல்பின. வென்றான் தலையிற் சூட்டும் முடியிலேயே சாவின் நினைவை வைத்த வழக்கம் ஒன்று கிரேக்க நாட்டு நெமியாவில் இருந்தது. அது சைவ நன்மக்கள் சிந்தித்தற்குரியது.

நெமியா பெலப்பொன்னீஸ் பகுதியில் மலைகள் சூழ்ந்ததோர் பள்ளத்தாக்கு. இன்று அங்குச் செல்வார் காண்பன, சீயஸ் என்னுந் தேவனுக்குக் கி. மு. 330-ஐ ஒட்டி எடுக்கப்பெற்ற கோயிலின் தூண்களும், அப்பகுதியெங்கும் படர்ந்த திராட்சைத் தோட்டங்களுமாம். அத்திராட்சையின் செந்நிறத் தேறலை ஹெரக்கிளீஸின் குருதி என்று வழங்குவர். அது சைவர்க்கு விலக்கு. அப்பெயர்க்குரியான் கதையோ விலக்கன்று.

படைக்கலம் துளையாத தோலுடைய சிங்கத்தை ஹெரக்கிளீஸ் நெமியாவிற் கழுத்தை நெரித்துக் கொன்று, அதன் தோலைப் போர்த்தான் என்பர். தாருகவனத்துப் புலித்தோலுடுத்த பெருமானை அன்பர் நினைத்தல் இயல்பே. ஆயின் ஒப்புமை தோலளவில் நிற்பது. ஹெரக்கிளீஸ் பித்தேறித் தன் மக்களைக் கொன்ற பழி நீங்கப் பணிபுரிந்தவன், வினைக்குட்பட்ட உயிர். எம்பெருமானோ வினையின் நீங்கி நின்று, உயிர்கட்கு வினைப்பயனை ஊட்டுவோன்.

இனி முடியின் வரலாறு. நெமியா வேந்தன் மகன் ஒபெல்ட்டீஸ் என்னுங் குழவியை, நடைபயிலுமுன் நிலத்திற் கிடத்தலாகாதென்பது தெய்வவாக்கு. தீப்ஸ் நகரின்மேற் படையெடுத்துச் சென்ற தலைவர் எழுவர் நீர் வேண்ட, செவிலி குழவியைச் செலரி என்னுங் காட்டுக்கீரைமேற் கிடத்தி வழிகாட்டச் சென்றாள். அதற்குள் பாம்பு தீண்டிக் குழவி இறந்தது. தலைவர் இரங்கி அதன் நினைவாக விளையாட்டு விழா நடத்தினர். இக்கதையடியாகவே, கி. மு. 573-இல் தொடங்கி ஈராண்டுக்கொருமுறை நடந்த விழாவில், வென்றார்க்குப் பொன்னன்றிச் செலரி முடியே சூட்டினர். நடுவர் துக்கத்திற்குரிய கருநிற ஆடை உடுத்தனர். எழுவருள் ஒருவனொழிய ஏனையோர் அப்போரில் மாண்டனர் என்ப.

ஓடுகளம் புகுஞ் சுரங்கவழியின் சுவரிற் கீறப்பெற்ற பெயர்கள் இன்றும் உள. பெயரேனும் நிலைக்கவேண்டும் என்னும் அவா அங்குத் தோன்றுகின்றது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டிற் பௌசானியாஸ் என்னும் யாத்திரிகர் சென்றபோதே கோயிலின் கூரை வீழ்ந்திருந்தது, திருவுருவமும் இல்லை. வீழாது நின்ற தூண்கள் மூன்றே. அண்மைக் காலத்தில் ஆறு மீள நிறுத்தப்பெற்றன. 1996 முதல் மக்கள் வெறுங்காலுடன் அக்களத்தில் மீண்டும் ஓடுகின்றனர். தூண் நின்றது, ஓட்டமும் மீண்டது, பூசனை மீண்டிலது.

அங்ஙனமாயின் அங்கே வணங்கியோர் வழிபாடு வீணோ எனின், அன்று. எத்தெய்வத்தை எவர் வணங்கினும் அத்தெய்வமாய் நின்று ஏற்று அருள்பவன் அம்மையப்பனே என்பது சிவஞான சித்தியாரின் துணிபு. கோயில் அழியினும் ஏற்றவன் அழிவிலன்.

செலரி முடி வாடச் சில நாள் போதும். அதனைச் சூடிய தலை சாயவும் நெடுநாள் வேண்டா. அத்தலை சாயுமுன் வணங்குதற்குரியானை வணங்குக என்பதே நெமியாவின் கற்கள் அன்பர்க்கு உணர்த்தும் பொருளென்க.