தரையில் எழுதிய எழுத்து

சொந்த ஊரில் வாழும் மனிதனை ஊரார் அவனுடைய பணியால் அறிகிறார்கள். ஆசிரியர், தச்சர், செவிலியர், பங்குத்தந்தை என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. வேற்று நாட்டில் போய் வாழ நேரும்போது அந்த அடையாளம் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. பேச மொழி இல்லை, செய்யத் தொழில் இல்லை, 'இவர் யார்?' என்று கேட்பவருக்குச் சொல்ல விடையும் இல்லை. அத்தகைய வேளையில், பிழைப்புக்காகச் செய்யப்படாத சிறு கலைகளும் பொழுதுபோக்குகளும் மனிதனுக்கு எத்துணை பெரிய துணையாகின்றன என்பதைச் சீனத்தில் வாழ்ந்த நாட்களில் கண்டுகொண்டேன்.

2018 செப்டம்பர் முதல் 2019 ஜூலை வரை, சீன மொழி பயிலும் மாணவனாகப் பெய்ஜிங்கில் தங்கியிருந்தேன். வெளிநாட்டார் தாமாக மறைப்பணி ஆற்ற அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மறையுரை ஆற்றிப் பழகிய நான், ஞாயிறுதோறும் ஆலயத்தின் கடைசி இருக்கையில், பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அமர்ந்திருந்தேன். வகுப்பில் என்னுடன் பயின்றவர்கள் என் வயதில் பாதியினர். காலையில் பாடம், நண்பகலுக்குப் பின் மௌனம். அந்த மௌனத்தைச் சுமந்துகொண்டு எங்கே போவது?

முதலில் கைகொடுத்தது மிதிவண்டி. சீனத்தை மிதிவண்டிகளின் அரசு என்று உலகம் அழைத்த காலம் உண்டு. 1960களிலும் 1970களிலும் மணமக்கள் வீட்டில் இருக்க வேண்டியவை என விரும்பப்பட்ட பொருள்கள் நான்கு: மிதிவண்டி, தையல் இயந்திரம், கைக்கடிகாரம், வானொலி. சுழல்பவை மூன்று, ஒலிப்பது ஒன்று என்று மக்கள் அவற்றைச் சேர்த்துச் சொல்வார்கள். பிற்காலத்தில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் புஷ், 1974-75இல் தம் நாட்டுத் தொடர்பு அலுவலகத் தலைவராகப் பெய்ஜிங்கில் இருந்தபோது, மனைவியோடு மிதிவண்டியிலேயே நகரைச் சுற்றினார். 1989இல் அவர் மீண்டும் வந்தபோது, தியான்ஜின் நகரில் செய்யப்படும் 'பறக்கும் புறா' மிதிவண்டிகள் இரண்டை அவருக்குப் பரிசளித்தார்கள். அதன் பின்னர் மகிழுந்துகள் பெருகி, மிதிவண்டி ஓரம் கட்டப்பட்டது. எனினும் அது மறைந்துவிடவில்லை. 2019 மே மாத இறுதியில், மிதிவண்டிகளுக்கென்றே 6.5 கிலோமீட்டர் நீளப் பாதை ஒன்றைப் பெய்ஜிங் திறந்தது.

தெருவோரப் பழுதுபார்ப்பவரிடம் பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். பேருந்தில் செல்பவன் நகரைப் பார்க்கிறான். மிதிவண்டியில் செல்பவனை நகரும் பார்க்கிறது. கதவோரம் கீரை ஆயும் மூதாட்டி, மரத்தடியில் சதுரங்கம் ஆடுவோர், கூண்டுப் பறவையைக் காற்று வாங்க அழைத்து வருபவர் எனப் பலரும் சில வாரங்களில் என்னைக் கண்டு தலையசைக்கத் தொடங்கினர். அந்தத் தலையசைப்பை அந்நாட்களில் நான் எவ்வளவு போற்றினேன் என்பதைத் தனிமையை அறிந்தவர்கள் உணர்வார்கள்.

அவ்வண்டிதான் என்னை ஒரு பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தது. 'ஊதா மூங்கில்' என்று பொருள்படும் பெயருடைய அப்பூங்காவில், முதியவர் சிலர் நின்றபடியே தரையில் எழுதிக்கொண்டிருந்தனர். கையில் நீண்ட கோல். அதன் நுனியில் கூராகச் செதுக்கிய பஞ்சு. மை என்று எதுவும் இல்லை, வெறும் தண்ணீர். 'தி-ஷூ' என்று அதற்குப் பெயர். 'தரை எழுத்து' என்று பொருள். 1990களில் பெய்ஜிங் பூங்காக்களில் பரவிய இவ்வழக்கம் இன்று அந்நாட்டின் நகரங்கள் பலவற்றிலும் உண்டு. தளக்கல் ஒன்றுக்கு எழுத்து ஒன்று என, மேலிருந்து கீழாகப் பழங்கவிதைகளை எழுதுவார்கள். எழுத எழுதப் பின்னோக்கி நடப்பார்கள். ஆகவே எழுதுபவர் கண் முன்னாலேயே அவர் எழுதியது உலர்ந்துகொண்டிருக்கும். கோடையில் கவிதையின் கடைசி எழுத்து முடியும் முன்னரே முதல் எழுத்து மறைந்திருக்கும்.

மூன்றாம் நாள், இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், என்னிடம் எதுவும் கேளாமல் தம் கோலை நீட்டினார். அவர் எனக்கு முதலில் கற்பித்தது 'யோங்' என்னும் எழுத்து. புள்ளி, கிடைக்கோடு, நெடுங்கோடு, கொக்கி, இருபுறமும் சாயும் வீச்சு எனச் சீன எழுத்துக்கலையின் எட்டு அடிப்படைக் கீற்றுகளும் அந்த ஓர் எழுத்திலேயே அடங்கியிருக்கின்றன. ஆகவே கற்போர் நெடுங்காலமாக அதிலிருந்தே தொடங்குகிறார்கள். அதன் பொருள் 'என்றென்றும்'. நிலைபேற்றைக் குறிக்கும் எழுத்தைத் தண்ணீரால் எழுதி, அது உலர்வதைப் பார்த்து, மறுபடியும் எழுதினேன். ஆசிரியர் சிரிப்பார், என் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவார். எங்களிடையே இருந்த பொதுச் சொற்கள் நூறுகூடத் தேறாது. ஆயினும் அங்கே நான் ஊமையாக இல்லை.

ஒரு மாலை, வண்டியைத் துடைக்கும்போது அதன் முகப்பு முத்திரையைக் கூர்ந்து பார்த்தேன். மிதிவண்டி வடிவில் வளைத்து எழுதப்பட்ட இரண்டு எழுத்துகள்! முதலாவது எனக்குத் தெரிந்த அதே 'யோங்'. ஷாங்காயில் செய்யப்படும் அவ்வண்டியின் பெயர் 'யோங்ஜியு'. அதுவும் 'என்றென்றும்' எனவே பொருள்படும். வாங்கிய நாள்முதல் ஏறிச் சென்ற வண்டியின் பெயரை அன்றுதான் படித்தேன்.

குளிர்காலத்தில் தண்ணீர் தரையில் உறைந்துவிடும், தூரிகைகளுக்கு ஓய்வு. அப்போது குடியிருப்பின் பொது அறையில் பெண்கள் கூடிச் சிவப்புத் தாளை மடித்துக் கத்தரிப்பார்கள். மீனும் மலரும் பறவையுமாக விரியும் அவ்வடிவங்களைப் புத்தாண்டுக்குச் சன்னல்களில் ஒட்டுவார்கள். எழுத்துக்கலையையும் இத்தாள்வெட்டுக் கலையையும் யுனெஸ்கோ 2009இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எனக்கும் ஒரு கத்தரிக்கோலும் ஒரு நாற்காலியும் தந்தார்கள். நான் வெட்டிய கோணல் மீன் ஒன்றும் யாரோ ஒருவர் வீட்டுச் சன்னலில் இடம்பெற்றது.

இவற்றை அறிந்த அருள்பணியாளர் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "மொழி கற்க அனுப்பினால், பூங்காவில் தண்ணீரால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறீர்களே, ஃபாதர்! இதனால் யாருக்கு என்ன பயன்?" வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அக்கேள்வி என்னைப் பல நாட்கள் விடவில்லை.

அந்நாட்களில் அருள்சகோதரர் ஜுசெப்பே காஸ்திலியோனேயை அடிக்கடி நினைத்தேன். மிலான் நகரில் பிறந்த இந்த இயேசு சபைத் துறவி 1715இல் சீனம் சென்றார். 1766இல் பெய்ஜிங்கிலேயே இறந்தார். அவர் குருப்பட்டம் பெற்றவரல்லர். பேரரசர்கள் மூவரின் அரண்மனையில், அரை நூற்றாண்டுக் காலம், அந்நாட்டு முறைகளைக் கற்று ஓவியம் தீட்டினார். 1724இல் கிறிஸ்தவ மறைக்குத் தடை வந்த பின்னும் அவருடைய தூரிகை ஓயவில்லை. 1728இல் அவர் வரைந்த 'நூறு குதிரைகள்' ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுள்ள பட்டுச் சுருள். அவருடைய ஓவியங்கள் நிலைத்தன. தரை எழுத்து எழுதுபவருக்கோ அந்த ஆறுதலும் கிடையாது. எனினும் இருவரிடமும் ஒரே பணிவைக் காண்கிறேன். தமக்குத் தெரிந்ததை நிறுத்திவைத்து, அயலாரின் கையசைவைக் கற்க முன்வரும் பணிவு அது.

நம் ஆண்டவர் எழுதியதாக நற்செய்தி கூறும் இடமும் ஒன்றே ஒன்றுதான். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை நிறுத்திக் குற்றம் சாட்டியவர்கள் முன் அவர் குனிந்து, விரலால் தரையில் எழுதினார் என்கிறது யோவான் நற்செய்தியின் 8ஆம் அதிகாரம். என்ன எழுதினார் என்பதை நற்செய்தியாளர் குறிப்பிடவில்லை. எழுத்து அழிந்துவிட்டது, அந்தப் பெண் பிழைத்தாள். குருமடத்தில் இப்பகுதியைப் பலமுறை படித்திருக்கிறேன். தரையில் எழுதும் மனிதர்களோடு நின்ற பின்னரே, எழுதியது நிலைக்காவிட்டாலும் எழுதிய நேரம் வீணாகாது என்பது எனக்கு விளங்கிற்று.

நண்பருக்கு நான் சொல்லும் விடை இதுதான்: அங்கே பயனடைந்தவன் நான். பெயரற்று நின்ற ஒருவனுக்கு அவர்கள் ஒரு கோலைத் தந்து, ஒரு தளக்கல்லையும் ஒதுக்கித் தந்தார்கள். அம்முதியவர்களுக்கும் அதே நிலைதான். பணி ஓய்வோடு அடையாளத்தை இழந்தவர்கள், அந்தப் பூங்காவில் மீண்டும் ஆசிரியர்களானார்கள்.

நம் பங்குகளிலும் ஓய்வுபெற்றோர் பலர் இருக்கிறார்கள். பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து, ஆலயத்தின் கடைசி இருக்கையில் மொழி புரியாமல் அமர்ந்திருப்போரும் இருக்கிறார்கள். வந்தோரை வாழ்த்தி அனுப்புகிறோம். அவர்கள் கைகளில் எதையேனும் கொடுக்கிறோமா? ஒரு தூரிகை, ஒரு கத்தரிக்கோல், ஒரு மத்தளம் போதும். கற்றுக்கொடுக்க ஒருவரும் கற்றுக்கொள்ள ஒருவரும் அருகருகே நின்றுவிட்டால், மொழி பின்னால் வந்து சேரும்.