வாறுகால் எங்கே தொடங்குகிறது?

தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயை ஒட்டியது எங்கள் ஊர். பிசான நெல்லுக்குத் தண்ணீர் திறந்ததும் கால்வாய் நிறைந்து ஓடும். அதே கால்வாயில்தான் தெரு வடிகாலான வாறுகாலும் சோப்பு நுரையோடும் செப்டிக் டேங்க் நாற்றத்தோடும் வந்து விழுகிறது. தாமிரபரணி கெடுவதைப் பற்றிப் பேசும்போது நகரங்களைத்தான் சொல்கிறோம். எங்கள் பங்கு எப்போது, எப்படித் தொடங்கியது என்று தேடினேன்.

1917-இல் எச். ஆர். பேட் தொகுத்த திருநெல்வேலி மாவட்ட கெஜட்டியரை முதலில் எடுத்தேன். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஏழு, ஆங்கிலேயருக்கு முந்தியவை. ஸ்ரீவைகுண்டம் மட்டுமே அவர்கள் காலத்தது. எந்த மடை எந்த வயலுக்கு, எந்தக் குளம் நிறைந்து எங்கே மறுகால் பாயும் என்று கணக்கு வைத்துப் பயிர் செய்த பள்ளத்தாக்கு இது. வீட்டுக் கழிவுநீருக்கு மட்டும் ஏன் கணக்கு இல்லாமல் போயிற்று?

தெருவில் மூத்த ஆச்சி ஒருவரிடம் கேட்டேன். "அங்கணத்துத் தண்ணி வாழைக்கும் கல்வாழைக்குமே காணாதுய்யா. வாறுகாலு மழைத்தண்ணி ஓடுததுக்குல்லா வெட்டுனது" என்றார். அங்கணம் என்பது வீட்டில் பாத்திரம் கழுவும் இடம். குளிப்பதும் துவைப்பதும் படித்துறையில்; குடத்தில் சுமந்து வந்ததுதான் வீட்டுத் தண்ணீர். சுமந்தவர்கள் பெண்கள். அதனால் ஒரு செம்பும் வீணாகவில்லை.

பிறகு மேல்நிலைத் தொட்டி வந்தது, தெருக்குழாய் வந்தது, வீட்டுக்குள்ளும் குழாய் வந்தது. பம்ப்செட் பார்த்த அண்ணாச்சி சொன்னார்: "தண்ணி உள்ள வாரதுக்குப் பைப்பு போட்டாச்சு. வெளிய போறதுக்கு யாரு வழி பார்த்தா?" 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு வெளியேறினாலே 180 லிட்டரைத் தாண்டும். கொல்லையெல்லாம் சிமெண்டுத் தளமாகிவிட்ட வீட்டில் அது வாறுகாலுக்குத்தானே போகும்?

செப்டிக் டேங்கின் கதை இன்னும் தொலைவில் தொடங்குகிறது. பிரான்சில் லூயி மூரா கட்டிய தொட்டிக்கு 1881-இல் காப்புரிமை கிடைத்தது. 1890-களில் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் டொனால்ட் கேமரூன் அதே வழியில் ஊர்க் கழிவுநீருக்கே தொட்டி கட்டி, இன்று நாம் சொல்லும் பெயரையும் வைத்தார். தொட்டியில் கசடு அடியில் தங்கும். நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியைச் சிதைக்கும். ஆனால் வெளியேறும் நீரில் நோய்க்கிருமிகள் இன்னும் நிறைய இருக்கும். அதை உறிஞ்சுகுழியில் விட்டு மண்ணில் வடியவைத்தால்தான் வேலை முடியும். எங்கள் தெருவில் பல வீடுகளில் வேலை தொட்டியோடு நின்றுவிட்டது. வெளிக்குழாயை நேரே வாறுகாலில் விட்டிருக்கிறார்கள்.

உறிஞ்சுகுழியும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கால்வாய்க் கரையில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். குழியில் விட்டது கிணற்றுக்குப் போய்விடும். அங்கே செடிப்படுகைதான் வழி. 1950-களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற தாவரவியலாளர், கோரைக் குடும்பத்துச் செடி ஒன்று அழுக்கு நீரைத் தெளியவைப்பதை ஆராய்ந்து காட்டினார். முதலில் தொட்டியில் கசடு தங்க வேண்டும். பிறகு நீர் ஜல்லிப் படுகையில் மெல்ல ஊர்ந்துபோக வேண்டும். ஜல்லியிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். மின்சாரம் வேண்டாம். கோரையும் கல்வாழையும் இந்தப் படுகைக்கு ஏற்றவை. கோரைக்கு நாம் அலைய வேண்டியதில்லை. பத்தமடைப் பாய்க்கு ஆற்றங்கரைக் கோரையை அறுத்த மண் இது.

கல்வாழைக்குப் பாய்ந்த அங்கணத்து நீருக்கும் சைடலின் ஆய்வுக்கும் அடிப்படை ஒன்றே: கழிவுநீரைக் கால்வாயில் கலக்கும் முன்பே நிறுத்தி, மண்ணுக்கும் வேருக்கும் வேலை கொடுப்பது. செடிப்படுகையையும் கட்டிவிட்டு மறந்துவிட முடியாது. கசடு அள்ள வேண்டும், செடி வெட்ட வேண்டும், அடைப்பு நீக்க வேண்டும். அதற்கு இயந்திரமும் கையுறையும் நியாயமான கூலியும் வேண்டும். யாரையும் வெறுங்கையோடு இறக்கக் கூடாது. மடை பார்க்க ஆள் வைத்து, அறுவடையில் அவருக்குப் பங்கு அளந்த ஊர்களுக்கு இது புதிய ஏற்பாடு அல்ல. வாறுகால் கால்வாயில் சேரும் முனையில் ஒரு படுகை, அதைப் பார்க்க ஊதியத்தோடு ஓர் ஆள்: கிராம சபையில் நான் கேட்கப்போவது இந்த இரண்டும்தான். ஆற்றங்கரையில் ஒவ்வொரு ஊரும் இதைக் கேட்க வேண்டும்.