அந்தச் சாவி

அன்புப் பிள்ளைகளே, சொந்தங்களே,

இன்று ஜூலை 16. 2004இல் இதே நாளில்தான் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். தப்பி இறங்கக் குறுகலான ஒரே படிக்கட்டு.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. காரணம் உங்களில் சிலருக்குத் தெரியும். மணி அடிக்கும் முன்பே நீங்கள் கீழே ஓடிவிடக் கூடாதென்று, மாடிப்படிக் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். அதைக் கண்டிப்பு என்று நினைத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் பூட்டைக் கழற்றித் தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன். பிறகு பூட்டவே இல்லை.

உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்குப் போனால் மார்க்கை மட்டும் விசாரிக்காதீர்கள். மாடிக்கு எத்தனை படிக்கட்டு, பள்ளி நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.

– உங்கள் டீச்சர்