விறகடுக்கின் படம்

காண்டர்ஷ்டேக், சுவிட்சர்லாந்து



பனிமலைப் படம் ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். இந்த மடலோடு வருவது ஒரு விறகடுக்கின் படம். பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில், ஜன்னலுக்கு மட்டும் இடம் விட்டு, தரையிலிருந்து கூரை வரைக்கும் அடுக்கிய கட்டைகள். பிளந்த முகங்கள் எல்லாம் வெளியே பார்க்கின்றன. பின்னேர வெய்யிலில் ஒரு முகம் பனங்கட்டி நிறம், ஒரு முகம் சந்தன நிறம், போன வருடத்து மீதி மட்டும் பழைய கிடுகின் சாம்பல் நிறம்.

மலை எங்கும் போய்விடவில்லை. வாசலில் நின்று நிமிர்ந்தால் 3,638 மீட்டர் உயரமுள்ள டோல்டன்ஹோர்ன் தலைக்கு மேல் நிற்கும். ஆனால் அந்த மலையை நீங்கள் முன்பே பார்த்துவிட்டீர்கள். கடை நாட்காட்டியில், பிஸ்கட் பேணியின் மூடியில், பாட்டுக் காட்சியில். ஐந்து வயதில் யாழ்ப்பாணத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த படத்தில் நானே ஒரு பனிமலைக்கு முன்னால்தான் நிற்கிறேன். துணியில் வரைந்த மலை. அடியில் ஏரி, ஏரியில் அன்னம்.

எங்கள் குடும்பத்துக்கு மிஞ்சிய மூன்று படங்களில் அது ஒன்று. மூன்றும் ஸ்டூடியோவில் எடுத்தவை. கொழும்பில் இருந்த மாமியிடம் பிரதிகள் இருந்ததால் தப்பின. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கி யாழ்ப்பாணத்து வலிகாமமே நடந்து வெளியேறியபோது அம்மா எடுத்துக்கொண்டவை காணி உறுதி, அடையாள அட்டைகள், ஒரு பை அரிசி. அல்பம் அலுமாரிக்குள் இருந்தது. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை, அலுமாரி நின்ற அறைக்குக் கூரையும் இல்லை.

அல்பம் தப்பியிருந்தாலும் அதில் எங்கள் வீடு இருந்திராது. வீட்டைப் படம் பிடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும்தான் படப்பிடிப்பாளர் வருவார். குசினி, கிணற்றடி, துலா, படலை, அம்மா உலை வைக்கிற நேரம் புகை போகிற ஓட்டை, இவையெல்லாம் என்றைக்கும் இருக்கப் போகிறவை என்றிருந்தோம். இப்போது கனடாவில் இருக்கும் அண்ணனும் நானும் தொலைபேசியில் வாதாடுகிறோம். முருங்கை கிணற்றுக்கு மேற்கே நின்றது என்கிறான் அவன். கிழக்கே என்கிறேன் நான். தீர்த்துவைக்க ஒரு கடதாசித் துண்டுகூட இல்லை. அம்மாவைக் கேட்டால், "ரெண்டு முருங்கை நிண்டதெல்லே" என்கிறா.

அதனால்தான் நான் விறகடுக்கைப் படம் பிடிக்கிறேன்.

இந்த ஊருக்கு வந்து ஓட்டல் குசினியில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கமரா வாங்க வசதியில்லை. வாங்கியபின் முதல் மாரியில் எடுத்த படங்களில் பனி எல்லாம் அழுக்குச் சாம்பலாக விழுந்திருந்தது. கமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். கண் கூசும் வெள்ளையைக் காட்டினால் அதையும் சாம்பலாக இறக்கிவிடும். ஒளியை ஒன்று முதல் இரண்டு ஸ்டொப் வரை கூட்டிக் கொடுத்தால்தான் பனி பனியாகும். அப்படிக் கொடுக்கப் பழகிய பிறகு இன்னொன்று தெரிந்தது. பனியின் நிழல் கறுப்பல்ல, நீலம். சூரியன் நேரே படாத இடத்துக்கு வானத்தின் ஒளி மட்டுமே வந்து சேர்கிறது. ஜனவரியில் கொடியில் காயப்போட்ட சட்டைகள் கருவாடாக விறைத்து நிற்க, அவற்றின் நிழல் நீலச் சட்டைகளாகப் பனியில் கிடக்கும். அந்தப் படத்தை ஐம்பது தடவையாவது எடுத்திருப்பேன். வெறும் கைவிரல் எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவுதான் நேரம். மாற்று பற்றரி உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். வீட்டுக்குள் வரும்போது கமராவைப் பைக்குள் மூடியே வைத்து அறைச் சூட்டுக்கு மெல்லப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும்.

இது ஒடுக்கமான பள்ளத்தாக்கு. ஏறத்தாழ 1,170 மீட்டர் உயரத்தில் ஊர், சுற்றிவரச் சுவர் போல மலை. நவம்பர் கடைசியில் ஒரு நாள் சூரியன் எங்கள் குசினி ஜன்னலிடம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி மலைக்குப் பின்னால் இறங்கும். எதிர்ச் சரிவில் வெய்யில் எரியும், எங்கள் பக்கம் நாள் முழுக்க அந்திதான். திரும்பி வருவது ஜனவரி நடுவில், தைப்பொங்கலுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக. முதல் நாள் ஒரு விரல் அகலத்துக்கு வரும். அடுப்புக்கு மேல் சுவரில் கோடு போல விழுந்து, உலைமூடியில் மின்னி, சில நிமிடத்தில் போய்விடும். வருடம் தவறாமல் அந்தக் கோட்டைப் படம் பிடிக்கிறேன். அன்றைக்கு அம்மாவிடமிருந்து அழைப்பு வரும். "தம்பி, அங்க சூரியன் வந்திட்டாரோ?" வந்தால்தான் எங்கள் வீட்டில் பொங்கல். பானையும் அந்தக் கோடும் சேர்ந்து விழுந்த படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. பொங்கி வழிகிற நேரமும் வெய்யில் வருகிற நேரமும் அந்த ஒரு வருடம்தான் கூடி வந்தன.

விறகடுக்குக்கு உரியவர் எண்பது கடந்த ஒரு விவசாயப் பெண். முதல் தடவை நான் கமராவோடு தாழ்வாரத்தருகே நின்றபோது, இதில் எடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். அழகாக அடுக்கியிருக்கிறீர்கள் என்றேன். "அழகுக்கில்லை, காற்றுக்கு" என்று ஒரு கட்டையை உருவி, பின்னால் விட்டிருந்த இடைவெளியைக் காட்டினார். சுவரோடு ஒட்டினால் விறகு பூஞ்சணம் பிடிக்கும். வெட்டிய விறகு இரண்டு கோடை காய வேண்டும். அன்று முதல் அந்த இடைவெளி தெரிகிற கோணத்தில் நின்றே எடுக்கிறேன். ஜூனில் அவருடைய புல்வெட்டு, மழைக்கு முன் மகன் வைக்கோல்வாரியோடு ஓடுகிற ஓட்டம், மே நடுப்பகுதி கழியும்வரை வெளியே வைக்காத ஜெரேனியச் சட்டிகள், செப்டம்பரில் மலை மேய்ச்சலில் இருந்து தலையில் பூச்சூடி இறங்கும் மாடுகள், மாரியில் மஞ்சள் அலகும் சிவந்த காலுமாக அவர் முற்றத்துக்கு இரை தேடி வரும் மலைக்காகங்கள் எல்லாம் அப்படி என் பெட்டிக்குள் சேர்ந்தவை. எதையும் கேட்காமல் எடுத்ததில்லை. காகங்களைத் தவிர.

மலைப் படங்களின் வரலாறு பெரும்பாலும் ஏறியவர்களின் வரலாறு. 1861இல் ஒகுஸ்த் பிசோன் என்ற பிரெஞ்சுக்காரர் 25 சுமைகாரரோடு மோன் பிளாங்க் உச்சிக்குப் போய், கூடாரத்துக்குள் கண்ணாடித் தட்டுகளுக்கு மருந்து பூசிப் படம் எடுத்தார். பெரிய காரியம். ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் ஆல்பர்ட் நீஃபெலர் (1883-1969). ஓவியர். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் லோட்ஷென் பள்ளத்தாக்கில், கிப்பெல் ஊரில் வாழ்ந்து, அந்தச் சனங்களின் வயல்வேலையையும் கோயில் ஊர்வலத்தையும் ஆயிரக்கணக்கான படங்களாக எடுத்து வைத்தார். 1913இல் திறந்த 14.6 கிலோமீட்டர் சுரங்கத்தினூடாக இங்கிருந்து ரயிலில் போய், அங்கிருந்து பஸ் எடுத்தால் அந்தப் பள்ளத்தாக்கு.

அதே பள்ளத்தாக்கின் மேல்முனையில் இருந்த பிளாட்டன் கிராமம் 2025 மே 28ஆம் திகதி இல்லாமல் போனது. மேலே மலை உடைந்து பிர்ச் பனியாற்றின் முதுகில் கொட்டி, பாரம் தாங்காமல் பனியாறே ஒட்டுமொத்தமாக இறங்கியது. நாட்கள் முன்னதாகவே ஏறத்தாழ 300 பேரையும் வெளியேற்றியிருந்தார்கள். வீடுகளில் பத்துக்கு ஒன்பது பனியும் பாறையும் சேறுமாகிய குவியலுக்குக் கீழே போயின. மிஞ்சியவற்றில் பலவற்றை, அணை கட்டியது போல் தடைப்பட்ட லோன்ட்சா ஆறு மூழ்கடித்தது. தொலைக்காட்சியில் ஒரு பெண், கையில் ஒரு சின்னப் பையோடு, எதிரே பார்த்துக்கொண்டு நின்றார். அவரில் நான் அம்மாவைப் பார்த்தேன்.

எங்கள் ஊருக்கும் அப்படி ஒரு மலை உண்டு. ஓஷினென் ஏரிக்கு மேலே நிற்கும் ஷ்பிட்ஸ ஷ்டைன். அந்த ஏரியே பழைய மலைச்சரிவு ஒன்று அணையாக விழுந்ததால் உண்டானது. பாறைகளைப் பிணைத்து வைத்திருந்த உறைநிலம் இளகுவதால் அந்த முகடு நகர்கிறது. ஒன்றரைக் கோடி கன மீட்டருக்கு மேற்பட்ட பாறை. 2018இலிருந்து கருவிகள் இரவு பகலாக அளக்கின்றன. நடைபாதைகள் சிலவற்றை மூடியிருக்கிறார்கள். ஒரே தடவையாக விழும் என்று யாரும் சொல்லவில்லை. ஊர் வழமைபோல் இயங்குகிறது.

ஜூன் முதல் கிழமையில் விறகடுக்குக்கு உரிய அம்மையார் எங்கள் கதவைத் தட்டினார். இத்தனை வருடத்தில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. "என் வீடு உன்னிடம் இருக்கிறதா?" என்று கேட்டார். படம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை.

குசினி மேசையில் பரப்பினேன். டோல்டன்ஹோர்ன் அந்தி வெய்யிலில் சிவந்த பெரிய படத்தை, நான் சட்டம் போட எண்ணியிருந்ததை, ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார். மாட்டுக் கொட்டிலின் கதவுத் தாழ்ப்பாள், கணவர் இருந்த காலத்தில் வாசற்படியில் சேறோடு கிடந்த அவருடைய சப்பாத்து, விறைத்த துணிகள், விறகடுக்கு. நாலை எடுத்துக்கொண்டார். சப்பாத்துப் படத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். வலது பாதத்துக் கயிறு வேறு நிறம், கடையில் அன்றைக்குக் கறுப்பு இருக்கவில்லை என்றார்.

விலை கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படியானால் இரண்டு பிரதி போட்டுத் தா என்றார். "ஒன்று எனக்கு. மற்றது பெர்னில் மகளிடம் இருக்கட்டும். இங்கே எல்லாவற்றையும் வைக்கக்கூடாது."

பெர்னுக்கான உறையை மறுநாளே தபாலில் போட்டேன். உங்களுக்கு அனுப்பியிருக்கும் விறகடுக்கு, அவரைக் கேட்டுவிட்டுப் போட்ட மூன்றாவது பிரதி.