வேல் நின்ற பலகை

எங்கள் இல்லத்துப் பூஜையறையில் மூன்று தலைமுறைகளாக ஒரு வேல் வழிபடப்பட்டு வருகிறது. ஒரு சாண் உயரந்தான். பாட்டனார் காலத்தது. அது நிற்பது ஒரு பலாமரப் பலகையின் மீது. கிருத்திகைதோறும் பாலும் தயிரும் பன்னீரும் ஊறி, அந்தப் பலகையின் நடுப்பகுதி கறுத்துப் போயிருந்தது.

“பலகைக்கு ஒரு பித்தளைத் தகடு போட்டுவிடேன்” என்று என் தாயார் பலமுறை கூறினார். வங்கிப் பணியில் ஊர் ஊராக மாற்றலாகிச் சென்றுகொண்டிருந்த நான், “ஆகட்டும் அம்மா” என்று சொல்லியே ஆண்டுகளைக் கழித்தேன். தகடு போடாமலேயே அம்மா இறைவனடி சேர்ந்தார்.

காரியங்கள் முடிந்தபின், மூத்தவன் என்ற முறையில் வேல் என்னிடம் இருக்கட்டும் என்றேன். தம்பி சட்டென்று கேட்டான்: “அம்மா கேட்ட ஒரு தகட்டைப் போட உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. பூஜை செய்ய மட்டும் கிடைக்குமா அண்ணா?” அவன் கூறியது உண்மை. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. நானும் கடுமையாகப் பேசிவிட்டேன். அதன்பின் நான்கு ஆண்டுகள், திருமண வீடுகளில் சந்தித்தால் நலம் விசாரிப்பதோடு எங்கள் பேச்சு நின்றுவிட்டது.

ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் குடியேறிய பிறகு, அந்தத் தகட்டை என் கையாலேயே செய்து போடுவது என்று தீர்மானித்தேன். கன்னார்கள் நிறைந்த ஊரில் காசு கொடுத்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் தாமதித்தவன் நான். உழைப்பும் என்னுடையதாக இருக்கட்டும் என்று தோன்றிற்று.

கனமாக இருந்தால்தான் மரியாதை என்று எண்ணி, முதலில் 20 கேஜ் தகடு வாங்கினேன். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம். பலகையின் விளிம்பில் வைத்து மடிக்க முயன்றேன். என் கைதான் வலித்தது. கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பதையே அப்போதுதான் அறிந்தேன். அடுத்து 28 கேஜ் வாங்கினேன். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். ஒரு சதுர அடி ஏறத்தாழ 300 கிராம் நிற்கும். எடைக்கு விற்கும் பொருளாதலால், அளவையும் எடையையும் ஒப்பிட்டாலே கனம் சரிதானா என்று தெரிந்துவிடும். கணக்குப் பார்த்தே பழகிய எனக்கு இது பிடித்திருந்தது. காந்தத்தையும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு.

அட்டையில் முதலில் மாதிரி வெட்டி, அதை வைத்துத் தகட்டில் கோடு கீறி, கத்தரியால் வெட்டினேன். வெட்டிய விளிம்பு கத்தி போல் இருக்கும். கையுறை அணியாமல் தொட்டதற்கு என் கட்டைவிரல் சாட்சி. நேரான நான்கு பக்கங்களும் எளிதாக மடிந்தன. பலகையின் மூலைகள் உருண்டவை, அங்கேதான் சோதனை. மரச்சுத்தியால் தட்டத் தட்டத் தகடு படியாமல் விறைத்தது. நான் இன்னும் பலமாகத் தட்டினேன். மூன்றாவது மூலையில் ‘டிக்’ என்று ஓர் ஓசை. மயிரிழை போல் ஒரு வெடிப்பு.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஒரு பட்டறைக்குச் சென்றேன. வயதான கன்னார் ஒருவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எத்தனை முறை நெருப்பில் காட்டினீங்க சார்?” என்று கேட்டார். ஒருமுறைகூட இல்லை என்றேன். “அடி வாங்கினால் பித்தளை இறுகும் சார். இறுகினதை மேலும் அடிச்சா விட்டுப்போகும். நடுவில் காய்ச்சி இளக விடணும். மறுபடி சொன்னபடி கேட்கும்.”

என் கண்முன்னேயே செய்தும் காட்டினார். வேறொரு தகட்டை உலைநெருப்பில் நிழலான இடத்தில் பிடித்தார். மங்கிய செந்நிறம் தெரிந்ததும் எடுத்துவிட்டார். அளவு மீறிக் காய்ச்சினால் அதிலுள்ள துத்தநாகம் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசிப்பது உடம்புக்கு ஆகாது என்று எச்சரித்தார். ஆறியபின் என் கையில் கொடுத்தார். முன்பு விறைத்து நின்ற தகடு விரலுக்கே வளைந்தது.

இதைப் பற்றிப் பின்னர் படித்தபோது ஒரு செய்தி என்னை நிறுத்தியது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவிலிருந்த படையினரின் தோட்டாக்களின் பித்தளை உறைகள், மழைக்காலத்தில் யாரும் தொடாமலேயே வெடித்துப் பிளந்தனவாம். குதிரை லாயங்களில் எழும் அம்மோனியா காற்று அதற்கு ஒரு காரணம். உருவாக்கும்போது உலோகத்தினுள் தங்கிவிட்ட இறுக்கம் மற்றொரு காரணம். அந்த இறுக்கத்தை இளஞ்சூட்டினால் தளர்த்திவிட்டால் வெடிப்பு நேராது. வெளியே பளபளப்பாகவே இருக்கும். உள்ளே இருக்கும் இறுக்கம் ஒரு நாள் தானாகவே பிளக்கும்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நான்கு ஆண்டுகளாக வெளியே நலம் விசாரித்துக்கொண்டு, உள்ளே நான் இறுகியிருந்ததை நினைத்தேன். தம்பி சொன்ன ஒரு சொல்லின்மேல் நான் எத்தனை சொற்களை அடித்திருந்தேன்!

புதிய தகடு வாங்கினேன். மூலைகளைச் சிறிது தட்டியதும் கழற்றி, பட்டறைக்கு எடுத்துச்சென்று காய்ச்சி வாங்கிவந்தேன். இப்படி மூன்று முறை. கன்னார் சலிக்கவில்லை, கூலியும் வாங்கவில்லை. “முருகனுக்குத்தானே சார்” என்றார். காய்ச்சியதில் படிந்த கருமையைப் புளி தேய்த்துப் போக்கி, நன்றாக அலம்பித் துடைத்தேன். பலகையை வெயிலில் உலர்த்தி, தகட்டைப் பொருத்தி, பித்தளை ஆணிகளையே அடித்தேன். இரும்பாணி அபிஷேக நீரில் துருப்பிடித்துக் கறையாக்கும். வெட்டிய விளிம்புகள் பலகையின் அடிப்புறம் மடிந்து மறைந்தன. இனி யார் கையையும் அவை கீறா.

தைப்பூசத்துக்கு ஐந்து நாள் முன்பு திருச்சியிலிருக்கும் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். “தகடு போட்டுவிட்டேன். அன்றைக்கு நீ சொன்னது சரிதான். பூசத்துக்கு வந்து நீயே அபிஷேகம் செய்” என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “வரேன் அண்ணா” என்றான்.

வந்தான். பலகையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே சென்றவன், மூன்றாவது மூலையில் நின்றான். அங்கே சுத்தி தவறி விழுந்த பள்ளம் ஒன்று உண்டு. “அண்ணா, இதை நீங்களே செய்தீர்களா?” என்றான். ஆம் என்றேன். “அம்மா இந்த மூலையைத்தான் எல்லோருக்கும் காட்டியிருப்பாள்” என்று சொல்லிக் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

அவன் பால் ஊற்றினான். அது வேலின் மேல் வழிந்து, தகட்டில் பரவி, மரத்தைத் தொடாமல் தாம்பாளத்தில் இறங்கிற்று. வெடித்த பழைய தகட்டை நான் எறியவில்லை; பூஜை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். கிருத்திகைதோறும் புளி போட்டுப் பலகையைத் துலக்கும் பொறுப்பைத் தம்பி ஏற்றுக்கொண்டான். அதற்காகவே மாதம் ஒருமுறை திருச்சியிலிருந்து வந்து போகிறான். அம்மா கேட்டது ஒரு தகடுதான். முருகன் அதோடு என் தம்பியையும் திருப்பித் தந்தான்.