வடக்கன்குளத்துச் சுவர்

2022 மே 15 அன்று வத்திக்கானில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை மீஞ்சூரில் நாங்களும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கி, 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். ‘தேவசகாயம் பிள்ளை’ என்றே சொல்லிப் பழகிய வாய் நமக்கு. ஆனால் அன்று வாசித்த பெயரில் பிள்ளை இல்லை. எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியவருக்குச் சாதிப் பெயர் எதற்கு என்று நம் நாட்டிலிருந்து எழுதிக் கேட்டதால் வத்திக்கான் அதை எடுத்துவிட்டது.

நல்ல காரியம். ஆனால் அவர் ஞானஸ்நானம் வாங்கிய அதே வடக்கன்குளத்தின் கதை பலருக்குத் தெரியாது. அவர் செத்து 120 வருஷம் கழித்து, 1872-ல் அங்கே ஒரு கோயில் கட்டத் தொடங்கினார்கள். பீடம் ஒன்றுதான். அதிலிருந்து இரண்டு நீளமான மண்டபங்கள் பிரிந்து போகும். மேலேயிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும், பட்டப்பெயரும் அதுதான். ஒரு காலில் பிள்ளைமாரும் முதலிமாரும், இன்னொரு காலில் நாடார்களும் மற்றவர்களும். நடுவில் தடுப்பு. பூசை வைக்கிற சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. சாமியார்கள் சண்டை ஓயட்டும் என்றுதான் இப்படிக் கட்டியிருப்பார்கள். ஆனால் ஓயாத சண்டைக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து உருவம் கொடுத்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

1910-ல் அந்தச் சுவரை இடித்தார்கள். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பிள்ளை, முதலி வகுப்பார் ஆயர் பார்த் ஆண்டவர்மேல் வழக்குப் போட்டார்கள். சுவரைத் திரும்பக் கட்டித் தர வேண்டும், கோயிலின் ஒரு பக்கம் எங்களுக்கு மட்டும் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது கோரிக்கை. வரப்புத் தகராறு மாதிரி, சேசுநாதர் வீட்டில் பாகப்பிரிவினை! சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். 1917-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுதியில் அந்த வழக்கு இன்றும் இருக்கிறது. ஒரே பந்தியில் நன்மை வாங்குகிறவர்கள் ஒரே கூரைக்குள் உட்காரலாம் என்று வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் காலத்துச் சங்கதி என்று தள்ளிவிட முடியவில்லை. 2008 மார்ச் 9 அன்று, அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து இறையூரில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். செபமாலை மாதா கோயில் பங்கு. எங்களைச் சமமாக நடத்தவில்லை, தனிப் பங்கு கொடுங்கள் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். வன்னியக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் செத்தார்கள். இரண்டு தரப்பு வீட்டிலும் சுவரில் அதே மாதா படம்தான் மாட்டியிருக்கும்.

எங்கள் மீஞ்சூர் பக்கம் சுவர் எதுவும் கிடையாது. அனல் மின் நிலையம், கம்பெனி வேலை என்று நாலா திசையிலிருந்தும் வந்து குடியேறிய ஜனம், கிடைத்த பெஞ்சில் உட்காரும். அசனத்தில் யார் பக்கத்தில் யார் என்று பார்ப்பதில்லை. புதிதாக வந்தவரிடம் மட்டும் இரண்டாவது வாரம் கேள்வி வரும். “சொந்த ஊர் எதுங்க?” ஊரைச் சொன்னால், “அங்க எந்தத் தெரு?”

சர்ச்சுக்கு வருகிற வள்ளியூர்ப் பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சியிடம் வடக்கன்குளத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். பொட்டலம் மடித்துக்கொண்டே சொன்னார்: “சுவர் போயிட்டு சார். மகனுக்குப் பொண்ணு பாக்க புரோக்கர் வந்திருந்தாரு. ஆர்.சி.யான்னு கேட்டாரு, ஆமான்னேன். அது சரி அண்ணாச்சி, ஆர்.சி.யில என்னன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றேன்.

“சொல்லாம பொண்ணு கிடைக்குமா சார்?” என்று பொட்டலத்தை நீட்டினார்.